சரிபார்ப்பு என்னும் வேலை

1946 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். காட்சி முடிந்த இரவு நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. பெண்களின் உழைப்பு மறைக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டாக இது இப்போது பல இடங்களில் சொல்லப்படுகிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதையை அந்த விருந்தோடு முடித்துவிட்டால், அந்தப் பெண்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

அறுவரில் ஒருவர் பெட்டி ஹோல்பர்ட்டன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் நாளே ஒரு கணிதப் பேராசிரியர், வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கக் கூடாதா என்று கேட்டதால் கணிதத்தை விட்டு இதழியல் படித்தவர். 1974 அக்டோபரில் அமெரிக்கத் தேசியத் தர அலுவலகம் ஃபோர்ட்ரான் மொழிக்கான சோதனை நிரல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஆசிரியர்களாக அதில் இருந்த பெயர்கள் இரண்டு: ஹோல்பர்ட்டன், எலிசபெத் பார்க்கர். இரண்டும் பெண்களின் பெயர்கள். இந்தத் தொகுதிகளுக்காக யாரும் விழா எடுத்ததில்லை. அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை முதலில் பார்ப்போம்.

மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர். அதைச் சோதிக்க வேண்டுமானால் விடை முன்கூட்டியே தெரிந்த சிறு நிரல்களைக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு கணினி என்றால் இது எளிது. பல நிறுவனங்களின் கணினிகள், ஒவ்வொன்றிலும் வேறு இயங்குதளம் என்றால் சோதனையே சிக்கலாகிவிடும். காரைக்கால் கோவில்பத்தில் படிக்கும் மாணவிக்கு இதை எளிதாகச் சொல்லலாம். அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறும்வரை காரைக்கால் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு வந்தது தமிழ்நாட்டின் வினாத்தாள். ஆட்சி வேறு, வினாத்தாள் ஒன்று. சென்னையில் தயாரான கேள்வி சென்னைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்றை நம்பியிருந்தால், கோவில்பத்து மாணவி தோற்பது அவள் குற்றமல்ல, கேள்வியின் குற்றம். கம்பைலர் சோதனையிலும் அப்படித்தான். நிரல் ஒரு கணினியில் தோற்றால், குறை கம்பைலரிலா சோதனையிலா என்று பிரித்தறிய முடிய வேண்டும். எல்லா இயங்குதளத்துக்கும் பொதுவான சோதனை என்பதன் பொருள் இதுதான்.

இந்தத் தேவை ஒரு பெண்ணின் கோரிக்கையிலிருந்து வளர்ந்தது. 1950களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்குத் தனி மொழி வைத்திருந்தது. கணினியை மாற்றினால் எல்லா நிரலையும் திரும்ப எழுத வேண்டும். வாங்கியவர் விற்றவரிடமே கட்டுண்டு கிடந்தார். பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாஸ் 1959இல் வணிகக் கணக்குகளுக்குப் பொதுமொழி வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த ஆண்டு மே மாதம் பென்டகனில் கூட்டம் நடந்தது. கோபால் மொழியின் முதல் வடிவை எழுதிய ஆறு பேர் குழுவில் ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி என இரு பெண்கள் இருந்தார்கள். அந்த மொழிக்கு முன்மாதிரிகளில் முக்கியமானது கிரேஸ் ஹாப்பர் தலைமையில் உருவான ஃப்ளோ-மேட்டிக். 1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் ஒரே கோபால் நிரல் ஆர்.சி.ஏ. 501, யுனிவாக் 2 என்ற இரு வேறு கணினிகளில் ஓடிக் காட்டியது.

ஆனாலும் பொதுமொழி என்பது பெயரளவில்தான் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பைலருக்குக் கோபால் என்று பெயர் வைத்தது. உள்ளே சில அம்சங்களை விட்டது, சிலவற்றைத் தன் விருப்பப்படி சேர்த்தது. 1968இல் அமெரிக்கத் தரம் வந்தபோதும், இது தரத்தின்படி அமைந்த கோபால் என்று விற்பவர் சொன்னால் வாங்குபவர் நம்புவதைத் தவிர வழியில்லை.

1966 இறுதியில், அறுபது வயதில், ஹாப்பரைக் கடற்படை ஓய்வில் அனுப்பியது. 1967 ஆகஸ்டில் ஆறு மாத வேலைக்கென்று திரும்ப அழைத்தது. அவர் இறுதியாகப் பணியை விட்டது 1986இல். 1967 முதல் 1977 வரை கடற்படையின் நிரல்மொழிக் குழுவை அவர் நடத்தினார். கோபால் கம்பைலர்கள் தரத்துக்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரல்களை அந்தக் குழு உருவாக்கியது. பின்னர் பாதுகாப்புத் துறை முழுவதற்குமான கம்பைலர் சோதனை முறை வந்தது. அதை 1972இல் ஜார்ஜ் பேர்ட் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் விளக்கினார். இந்த மரபின் வாரிசான கோபால்-85 சோதனைத் தொகுப்பு இன்றும் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் வேலையின் நுட்பம் புரியும்.

எல்லாச் சோதனை நிரல்களும் ஒரே பெரிய கோப்பில் இருக்கின்றன. கணினியின் பெயர், அச்சுப்பொறியின் பெயர், கோப்புகளின் பெயர் போல இடத்துக்கு இடம் மாறக்கூடியவை அதில் எழுதப்படவில்லை. அவை வர வேண்டிய இடத்தில் ஐந்து எக்ஸ் எழுத்துகளும் ஒரு மூன்று இலக்க எண்ணும் மட்டும் நிற்கின்றன. எண் 82 என்றால் கம்பைல் செய்யும் கணினி. 83 என்றால் நிரல் ஓடும் கணினி. 55 என்றால் அச்சுப்பொறி. சோதிப்பவர் தன் கணினிக்கு உரிய பெயர்களை ஒரு பட்டியலாகக் கொடுப்பார். அவற்றை உரிய இடங்களில் நிரப்பி, சோதனைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவதற்கு ஒரு நிரல் உண்டு. அந்த நிரலும் கோபாலில் எழுதப்பட்டதே. நிரப்பப்படும் இடங்களைத் தவிர வேறெதையும் சோதிப்பவர் தன் வசதிக்குத் தொடக் கூடாது.

இன்னொரு சிக்கல் எழுத்துகளின் வரிசை. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியீட்டில் எழுத்துகளுக்குப் பின் எண்கள் வரும். ஆஸ்கி குறியீட்டில் எண்களுக்குப் பின் எழுத்துகள். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டு எது பெரிது என்று கேட்டால் இரண்டு கணினிகள் இரண்டு விடை சொல்லும், இரண்டும் சரி. இப்படிப்பட்ட கேள்வியைத் தெரியாமல் கேட்டுவிடாமல் இருக்க, சோதனையை எழுதுபவருக்குத் தன் கணினி மட்டும் தெரிந்தால் போதாது. பிறருடைய கணினிகளும் தெரிய வேண்டும். எது தரத்தின் கட்டளை, எது தன் ஊர்ப் பழக்கம் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடைத்தாளிலும் நேர்மை இருந்தது. ஒவ்வொரு நிரலும் தானே கணக்கிட்டு, தானே ஒப்பிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று அச்சிடும். தோற்றால் வந்த விடையையும் வர வேண்டிய விடையையும் அருகருகே காட்டும். இயந்திரத்தால் தீர்மானிக்க முடியாததை மனிதர் கண்ணால் பார்க்கும்படி குறித்துவிடும். கம்பைலர் ஒரு பகுதியை ஏற்கவே மறுத்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். ஆனால் நீக்கியவை எத்தனை என்பதும் அறிக்கையின் முடிவில் வந்து நிற்கும். விற்பவர் எதையும் ஒளிக்க முடியாது.

ஃபோர்ட்ரானில் வேறு வகைத் தொல்லை. அச்சுப்பொறிக்கு எந்த எண் என்று அந்த மொழியின் தரம் சொல்வதில்லை. கணினிக்குக் கணினி மாறும். பின்னர் வந்த ஃபோர்ட்ரான்-77 சோதனைத் தொகுப்பு, கார்டு படிப்பானின் எண்ணையும் அச்சுப்பொறியின் எண்ணையும் ஒவ்வொரு நிரலின் தொடக்கத்திலும் இரண்டு மாறிகளில் வைத்தது. அங்கே மாற்றினால் போதும்.

இவ்வளவும் ஏன் நினைவில் இல்லை? ஹாப்பர் என்றதும் பலர் சொல்வது 1947இல் ஹார்வர்டு கணினியில் சிக்கிய விட்டில்பூச்சிக் கதை. அதைப் பிடித்தவர் அவரல்ல; பிழையைப் பூச்சி என்று அழைப்பது எடிசன் காலத்திலேயே பொறியாளர்களிடம் இருந்த வழக்கம். பத்தாண்டு உழைப்பைவிட ஒரு பூச்சி பிரபலமாகிவிட்டது. வரலாறு கண்டுபிடிப்பைக் கொண்டாடுகிறது. கண்டுபிடித்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பதை வீட்டு வேலைபோல நடத்துகிறது. நடந்துகொண்டே இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. பொறுமை வேண்டும், அதனால் பெண்ணுக்கு ஏற்றது என்பார்கள். பெண் செய்வது, அதனால் சிறியது என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

உண்மையில் அது அதிகாரமுள்ள வேலை. மத்திய அரசுக்குக் கம்பைலர் விற்க வேண்டுமானால் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்ற நிலை 1970களில் வந்தது. பெரும் நிறுவனத்தின் வாக்கை ஒரு தாளில் அச்சான தேர்ச்சியும் தோல்வியும் மறுக்க முடிந்தது. ஹாப்பரை மாசற்ற நாயகியாக்க வேண்டியதில்லை. அவர் வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி. அவருடைய அதிகாரம் அங்கிருந்து வந்தது. அவர் குழுவில் ஆண்களும் உழைத்தார்கள். அதனால் இந்த வேலையின் மதிப்பு குறைந்துவிடாது. யாருடைய கணினியை வாங்கினாலும் நம் நிரல் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற உரிமையை நடைமுறையில் காத்தது இந்த வேலைதான். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. கணினியைத் தந்தவர் எப்போதும் கூடவே இருப்பார் என்று எண்ணக் கூடாது என்பதை அது நமக்கும் காட்டியது.

இன்று கட்டற்ற மென்பொருளான குனு கோபால், லினக்ஸிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. தன் தகுதிக்குச் சான்றாக அது காட்டுவது அதே கோபால்-85 தொகுப்பின் 9,700க்கும் மேற்பட்ட சோதனைகளை. எக்ஸ் எழுத்துகள் நின்ற இடங்களில் இப்போது புதிய இயங்குதளங்களின் பெயர்கள். அந்த இயங்குதளங்கள் பிறக்கும் முன்பே அவற்றுக்கான இடத்தைக் காலியாக விட்டு வைக்கும் முறையை யோசித்தவர்கள் இருந்தார்கள்.

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் பெண்ணிடம், டெவலப்மென்ட் வேண்டாம், டெஸ்டிங் எடுத்துக்கொள், டென்ஷன் இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. டெஸ்டிங்கை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அதைச் சிறிய வேலை என்று ஒப்புக்கொள்வதுதான் தவறு. எது சரி என்று சொல்லும் உரிமை அந்த மேசையில் இருக்கிறது. சம்பளத்தைப் பேசும்போதும், பதவி உயர்வைக் கேட்கும்போதும், நூலின் அட்டையில் யார் பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்யும்போதும் ஹோல்பர்ட்டன், பார்க்கர் என்ற அந்த இரண்டு பெயர்களை முன்னுதாரணமாகக் காட்டலாம்.