ஒரிஜினல் எண்டால் எது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருத்தும்போது பொனட்டையும் மட்கார்டையும் ஒரிஜினலாத்தான் தேடிப் போடவேணுமா, அதே அளவில் புதிதாகச் செய்ததைப் போட்டால் போதாதா? இந்தக் கேள்வி ஒருமுறை லண்டனில் நீதிமன்றம் வரைக்கும் போனது.

'ஓல்ட் நம்பர் வன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லு மான் 24 மணிநேரப் போட்டியில் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் விபத்து; ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். உரிமையாளர் வுல்ஃப் பர்னாட்டோ காரைத் திருத்தி, கூரை மூடிய வேறொரு பொடியைப் போட்டார். பிற்காலத்தில் லு மான் பொடியைப் பார்த்துச் செய்த நகல் ஒன்று அதன் இடத்துக்கு வந்தது.

1990இல் காரைப் பெருந்தொகைக்கு வாங்க ஒப்புக்கொண்ட கொம்பனி, "இது உண்மையான கார் இல்லை" என்று பின்வாங்கியது. வழக்காயிற்று. 1930இல் ஓடிய காரில் மிஞ்சியது பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு மட்டும்தான் எண்டு நீதிபதி ஒட்டனே சொன்னார். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம்.

ஏன்? பாகங்கள் ஒவ்வொன்றாக மாறினாலும் அந்தக் கார் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. அதன் வரலாறு இடையில் அறவில்லை.

எனக்கு இதில் விளங்கியது இதுதான்: நகல் பொடி போடுவது பொய் இல்லை. எதை, எப்ப மாத்தினது எண்டதை மறைத்து, "எல்லாம் ஒரிஜினல்" எண்டு விற்பதுதான் பொய்.