கடல் கொண்ட காசுகள்

1885ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கல்கத்தாவிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட 'இண்டஸ்' என்னும் நீராவிக்கப்பல், இலங்கையின் வடகீழ்க் கரையில், முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள கடற்றிட்டொன்றிலே தட்டி அழிந்தது. அக்கப்பலுடன் மூழ்கிய பொருள்களுள் அலெக்சாந்தர் கனிங்காம் என்பார் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தேடித் திரட்டிய பழங்காசுகளிற் பெரும்பகுதியும் அடங்கும். பொற்காசுகளிலும் வெள்ளிக்காசுகளிலும் பெரும்பாலானவை தப்பிப் பிற்காலத்திலே பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. ஏனையவற்றைக் கடல் கொண்டது.

கனிங்காம் 1833ஆம் ஆண்டிலே, இன்னும் இருபது வயது நிரம்பாத இளைஞராக, வங்காளப் பொறியியற் படையிற் பணிபுரிய இந்தியாவுக்கு வந்தவர். கல்கத்தா நாணயசாலையில் உலோகங்களைச் சோதிக்கும் அதிகாரியாக விளங்கிய யேம்ஸ் பிரின்செப்பின் நட்பு அவரைப் பழங்காசின் பக்கம் திருப்பியது. பின்னர் 1861இல் இந்தியத் தொல்பொருளாய்வாளராக நியமனம் பெற்ற அவர், 1871இல் அத்திணைக்களத்தின் தலைமையதிபராகி, 1885இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அதே ஆண்டிலேயே இப்பேரிழப்பு நேர்ந்தது.

சில செப்புத் துண்டுகள் மூழ்கியதற்கு இத்துணைக் கவலை ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். இந்தியாவின் வடமேற்கிலே அரசாண்ட கிரேக்க மன்னர்களுள் மிகச் சிலரையே பண்டைய நூலாசிரியர்கள் பெயர் சுட்டி எழுதினர். ஏனைய மன்னர்கள் இருந்தனர் என்பதையே அவர்கள் வெளியிட்ட காசுகள்தாம் உலகுக்கு அறிவித்தன. அக்காசுகளின் ஒரு புறத்திலே கிரேக்க எழுத்தும், மறுபுறத்திலே கரோஷ்டி எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. தெரிந்த எழுத்தைத் துணையாகக் கொண்டு தெரியாத எழுத்தை வாசிக்கும் வழியைப் பிரின்செப்பும் அவர் காலத்து அறிஞரும் இவ்வாறே கண்டனர். ஆகவே, ஒரு காசு மறையும்பொழுது ஓர் அரசனின் பெயரே மறைந்துபோதல் கூடும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். அரண்மனையும் நிலைக்கவில்லை. ஆயினும், ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த சிறிய செப்புக்காசுகள், தோட்ட மண்ணைக் கிளறியவர்களின் கைகளிலே அகப்பட்டன. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சிக்கு அவை இன்றும் சான்று பகர்கின்றன.

இத்தகைய காசுகளுக்குக் கடலினும் கொடிய பகை ஒன்றுண்டு. அது மூசையின் நெருப்பு. 1847ஆம் ஆண்டிலே மலையாள நாட்டில், கண்ணனூருக்கு அண்மையிலுள்ள கோட்டயம் என்னுமிடத்திலே உரோமப் பேரரசர்களின் பொற்காசுப் புதையலொன்று வெளிப்பட்டது. ஆராய்ச்சியாளர் செய்தி அறிந்து வருமுன்னரே, கண்டவர் அள்ளிச்சென்ற காசுகளிற் பல உருகி ஆபரணங்களாயின. எடுத்தவர் பொன்னை இழந்தாரல்லர். பொன் அவர்களிடத்தே இருந்தது. எந்தப் பேரரசன் காலத்துக் காசுகள் எத்தனை இருந்தன என்னும் கணக்கே முழுமையாகக் கிடையாது போயிற்று. தமிழகத்துக்கும் உரோமாபுரிக்கும் இடையே நடந்த வாணிகத்தின் ஏடொன்று கிழிந்தது எனலாம்.

கள்வனின் கையிலும் இந்நெருப்பே ஆயுதமாகின்றது. பிராங்கியர் அரசனாகிய சில்டெரிக்கின் கல்லறை 1653இலே தூர்னே நகரத்தில் தற்செயலாக வெளிப்பட்டது. அதனுள்ளே அரசனின் முத்திரை மோதிரமும், முந்நூறு வரையான பொன்வண்டுகளும், ஏறத்தாழ நூறு பொற்காசுகளும் இருந்தன. அச்செல்வம் கைமாறிக் கைமாறி இறுதியிற் பிரான்சு மன்னனிடம் வந்து, பாரிசு நகரத்து அரசநூலகத்தின் நாணய மண்டபத்திலே வைக்கப்பட்டது. 1831ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி இரவு கள்வர் அம்மண்டபத்துட் புகுந்து பொற்பொருள்களை வாரிச் சென்றனர். பெரும்பகுதி உருக்கப்பட்டது, ஒரு சிறு பகுதி சேன் ஆற்றின் அடியிலிருந்து மீட்கப்பட்டது. பொன்வண்டுகளில் இன்று எஞ்சியவை இரண்டே.

இக்களவிலே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கல்லறை வெளிப்பட்ட இரண்டாண்டுகளுக்குள், 1655இல், சிவ்லே என்னும் மருத்துவர் அதனுட் கிடைத்தவற்றையெல்லாம் படம் வரைவித்து ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். காசுகள் எந்தெந்த அரசர்களுடையவை என்பதையும் அதிலே எழுதிவைத்தார். 474 முதல் அரசாண்ட கீழை உரோமப் பேரரசன் சீனோவின் காசு அவற்றுள் இருந்தமையால், அடக்கம் அதற்கு முற்பட்டதன்று என்பது தெளிவாயிற்று. கள்வர் பொன்னை உருக்கினர். எழுதிவைத்த செய்தியை அவர்களால் உருக்க முடியவில்லை.

பிற்காலத்திலும் கள்வரின் இயல்பு மாறவில்லை. 1967ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பெருஞ்செல்வர் ஒருவரின் இல்லத்துள் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் புகுந்து ஏறத்தாழ ஏழாயிரம் காசுகளைப் பறித்துச் சென்றனர். அவற்றுள் 1804ஆம் ஆண்டினைப் பொறித்த வெள்ளி டொலர்கள் இரண்டு இருந்தன. உலகிலே பதினைந்தே உள்ளவை என அறியப்பட்ட அக்காசின் ஒவ்வொரு பிரதியையும் வல்லுநர் அதன் கீறலையும் தழும்பையும் கொண்டே இனங்காண்பர். ஆதலால் அவற்றை வெளிப்படையாக விற்க வழியில்லை. திருடப்பட்ட இரண்டும் ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டன. அவற்றுள் ஒன்று 1982இலே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்திற் கைப்பற்றப்பட்டது. இதற்கு மாறாக, 2017 மார்ச்சு மாதத்திலே பெர்லின் நகரத்துப் போடே நூதனசாலையிலிருந்து களவுபோன நூறு கிலோகிராம் எடையுள்ள கனடா நாட்டுப் பொன் நாணயம் மீளவேயில்லை. குற்றவாளிகளுக்கு 2020இலே தண்டனை கிடைத்தது; நாணயமோ துண்டாடப்பட்டு உருக்கப்பட்டிருக்கும் என்றே கருதப்படுகின்றது. வரலாற்றுப் பெருமையால் மதிப்புப் பெற்ற காசு தன் முகத்தாலேயே காப்பாற்றப்படுகின்றது. பொன்னின் எடையால் மதிப்புப் பெற்றதற்கு அக்காப்பு இல்லை.

கள்வனும் கடலும் அயலிலிருந்து வரும் பகைகள். காசைப் போற்றித் திரட்டுவோரின் கையே பகையாதலும் உண்டு. பழஞ் செப்புக்காசு ஒன்றைக் கண்டெடுத்தவர், குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்வது நெடுநாள் வழக்கம். அவ்வாறு தேய்க்கும்பொழுது களிம்பு மாத்திரம் போவதன்று. நூற்றாண்டுகளால் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த எழுத்தின் விளிம்பும் உடன் போகின்றது. செம்பின்மேற் படிந்து இறுகிய கரும்பச்சைப் படலம் உண்மையிலே காசுக்குக் கவசமாகும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் வெளிர்பச்சைத் தூளோ வேறு. அது உலோகத்தை உள்ளிருந்தே அரிப்பது. இரண்டையும் பிரித்தறியாதார் கவசத்தைச் சுரண்டி எறிந்து நோயை விட்டுவைப்பர். விரல் வியர்வையும், சிலவகை மென்பிளாத்திக்கு உறைகளிலிருந்து கசியும் பொருளும் இவ்வாறே தீங்கு செய்வன.

பழுதுபோலத் தோன்றுவதெல்லாம் பழுதன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1898ஆம் ஆண்டிலே புதுக்கோட்டைச் சமத்தானத்திற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றிலே பேரரசனின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய வடு இருந்தது. அக்காசுகள் பணமாக மீண்டும் வழங்காதிருத்தற் பொருட்டு அக்காலத்தவர் வேண்டுமென்றே வெட்டினர் என அறிஞர் கருதுவர். அழகைக் கருதி அவ்வடுவை எவரேனும் நிரப்பியிருப்பாராயின், அச்செய்தியும் அழிந்திருக்கும்.

அதனை ஒத்த மற்றொரு சான்று நம் தென்கடலிலே கிடைத்தது. 1961ஆம் ஆண்டிலே தென்கீழ்க் கரைக்கப்பாலுள்ள கிரேட் பாசஸ் என்னும் பாறைத்தொடரிலே மைக் வில்சனும் அவரோடு சென்ற இளைஞர் இருவரும் நீரில் மூழ்கியபொழுது, ஒளரங்கசீப்பின் வெள்ளி உரூபாக்களைக் கண்டனர். சூரத்து நாணயசாலையிலே கிசிரி 1113ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1702ஐ அடுத்து, அடிக்கப்பட்டவை அவை. ஆயிரம் ஆயிரமாக மூட்டைகளிற் கட்டப்பட்டிருந்த அக்காசுகள் கடல்நீராலே ஒன்றோடொன்று இறுகி, மூட்டையின் வடிவிலேயே கட்டிகளாகிக் கிடந்தன. துணி மக்கிப் போயிற்று. துணியின் வடிவைக் காசு காத்து நின்றது. ஆசை மிகுந்து எல்லாக் கட்டிகளையும் உடைத்து எண்ணியிருந்தால், அக்காலத்து வணிகர் பணத்தை எவ்வாறு கட்டி அனுப்பினர் என்பதற்கான கண்கூடான சான்று இல்லாதொழிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, காசு திரட்டுவோருக்கு இழப்பு என்பது பணநட்டம் மாத்திரமன்று என்பது புலனாகும். எந்தத் தோட்டத்திலே, எத்தனை முழ ஆழத்திலே, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் குறிப்பில்லாத காசு, பெட்டியினுள்ளே பத்திரமாக இருப்பினும் பாதி இழந்த காசே. சேதுக்காசொன்று நிறுக்கப்பட்டு, அளக்கப்பட்டு, படமெடுக்கப்பட்டு, கிடைத்த ஊரின் பெயரோடு ஒரு கொப்பியிலே எழுதப்பட்டிருக்குமாயின், அதனைக் கள்வன் கொண்டாலும் கடல் கொண்டாலும் அதன் சான்று அழியாது. இதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று. ஒரு கொப்பியும், ஓர் எழுதுகோலும், சிறிது பொறுமையுமே.

கனிங்காம் இதனைச் செய்துகாட்டினார். சேர்க்கையிற் பெரும்பகுதியை இழந்தபொழுது அவருக்கு வயது எழுபத்தொன்று. அத்தோடு ஓய்ந்துவிடாமல், எஞ்சிய காசுகளையும் கற்ற கல்வியையும் துணையாகக் கொண்டு அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார். பண்டைய இந்தியாவின் நாணயங்களைப் பற்றிய அவரது நூல் 1891இல் வெளிவந்தது. 1893 நவம்பரில் அவர் காலமானார்; இடைக்கால இந்திய நாணயங்களைப் பற்றிய நூல் அவர் மறைந்த பின்னர், 1894இல், அச்சேறியது. முல்லைத்தீவுக் கடலிலே மூழ்கிய காசுகளை அவர் மீண்டும் காணவில்லை. அவர் எழுதிச் சென்றவற்றை இன்றும் மாணவர் நூலகங்களிலே எடுத்துப் படிக்கின்றனர்.