‘நேற்றே கட்டியிருக்கிறேன்’: பெங்களூர்த் திட்டம் குறித்த ஒரு மறுவாசிப்பு

‘நேற்றே பணம் கட்டியிருக்கிறேன், சார்.’ கல்லூரி அலுவலகத்தில் இப்படிச் சொல்லும் மாணவியின் தமிழில் குறையொன்றும் இல்லை. அதையே விண்ணப்பமாக எழுதும்போது ‘ஐ ஹேவ் பெய்டு த ஃபீஸ் யெஸ்டர்டே’ என்கிறாள், பிழையாகிவிடுகிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களிலிருந்து வரும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தும் எவருக்கும் இவ்வாக்கியம் புதிதன்று. பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பின்னும் இது ஏன் நிற்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு, நிலைபெற்றுவிட்ட ஒரு முடிவை இக்கட்டுரை சோதிக்கிறது.

இலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை, மாணவரின் கவனம் பொருளில் நின்றால் வடிவம் தானாக வந்து சேரும் என்பதே அம்முடிவு. இதை முன்வைக்கும் ஆய்வுத்தரப்பு தென்னிந்தியச் சான்றாகத் தவறாமல் காட்டுவது என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பள்ளிகளில் செயல்பணிகள் வழியே ஆங்கிலம் கற்பித்து நடத்திய பெங்களூர்த் திட்டம். இலக்கண விளக்கம் வீண் என்பதை அது மெய்ப்பித்துவிட்டதாகவே கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. அச்சான்று அவ்வளவு தூரம் செல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

‘செகண்ட் லாங்க்வேஜ் பெடகாஜி’ (1987) என்ற நூலில் பிரபு விலக்கியவை எவை என்று முதலில் பார்க்க வேண்டும். மொழியமைப்புகளை வரிசைப்படுத்திய பாடத்திட்டம், ஓர் அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பயிற்சி, பிழையைப் பாடப்பொருளாக்கி விரித்துத் திருத்துதல் ஆகிய மூன்றையும் அவர் விலக்கினார். போகிற போக்கில் திருத்துவதை விலக்கவில்லை. அவருக்கு முன்பு சென்னை மாநிலப் பள்ளிகளில் வேரூன்றியிருந்த அமைப்புமுறைக் கற்பித்தலோ வாய்மொழிப் பயிற்சியையே உயிராகக் கொண்டது. அங்கே விதி விளக்கத்துக்கு இடம் குறைவு. ஆகவே பிரபுவின் வகுப்பறைகள் நேருக்கு நேர் மோதியது இந்த வாய்மொழிப் பயிற்சி முறையோடுதான். அந்த மோதலின் முடிவை விளக்கத்துக்கு எதிரான தீர்ப்பாக வாசிப்பது, ஒரு வழக்கின் தீர்ப்பை வேறொரு வழக்குக்கு எடுத்துச் செல்வதாகும்.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டை எதிர்த்தரப்பு முன்வைக்கலாம். நான்கு பள்ளிகளில் திட்ட வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகளின் கை பெரிதும் ஓங்கியது. செயல்பணித் தேர்வில் திட்ட வகுப்புகள் முன்னின்றன. இரு தரப்புக்கும் பொதுவாக வைத்த தேர்வுகள் மொத்தத்தில் திட்ட வகுப்புகளுக்குச் சாதகமாக அமைந்தன. கடைசி முடிவு புறந்தள்ளக்கூடியதன்று. ஆனால் ஏற்கெனவே அமைந்திருந்த வகுப்புகளையே ஒப்பிட்டார்கள். மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை. முடிவைத் தற்காலிக ஆதரவு என்ற அளவிலேயே அவர்களும் நிறுத்திக்கொண்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தேர்வின் மொத்த மதிப்பெண் எந்த அமைப்பு வளர்ந்தது, எது தேங்கியது என்று சொல்லாது. நம் மாணவியின் வாக்கியம் தேங்கும் வகையைச் சேர்ந்தது.

காரணம் செயல்பணியின் இயல்பிலேயே இருக்கிறது. ரயில் நேர அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுவது திட்டத்தின் புகழ்பெற்ற பணிகளுள் ஒன்று. விழுப்புரம்–புதுச்சேரித் தடத்தில் நிலையம் கொண்ட வில்லியனூருக்கு அது அப்படியே பொருந்தும். பாகூருக்குப் பேருந்து நேரத்தை வைத்துக்கொள்ளலாம். பத்து மணிக்குள் விழுப்புரம் சேர எந்த வண்டி என்றால் விடை ஒரு நேரம், ஒரு பெயர். வினைச்சொல்லின் வடிவம் பிசகினாலும் விடை பிசகாது. கட்டணம் பற்றிய விண்ணப்பமும் இப்படித்தான். ‘ஹேவ் பெய்டு’, ‘யெஸ்டர்டே’ இரண்டும் சேர்ந்து வந்தாலும் எழுத்தர் புரிந்துகொள்வார், ரசீது கிடைக்கும். பணி முடிகிறது, பிழை அப்படியே வீடு திரும்புகிறது.

இதைத் ‘தாய்மொழிக் குறுக்கீடு’ என்று பெயரிட்டு முடித்துவிடுவதும் போதாது. ‘கட்டியிருக்கிறேன்’ என்பதில் ‘இரு’ என்னும் துணைவினை, செயலின் விளைவு இன்றும் நிற்கிறது என்று காட்டுகிறது. ஈரமான களத்தைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்னும்போது, கண்ணுக்குத் தெரியும் தடத்திலிருந்து காணாத நிகழ்வை ஊகிக்கிறது. இரு இடத்திலும் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் தடையின்றி உடன் வருகிறது. ஆங்கிலத்திலும் ‘ஹேவ்’ இன்றைய நிலையைத்தான் பேசுகிறது. ஆனால் ‘யெஸ்டர்டே’யை அருகில் சேர்க்காது. பொருள் ஏறத்தாழ ஒன்று, தடை மட்டும் ஆங்கிலத்துக்கு உரியது.

அத்தடை தர்க்கத்தால் விளைந்ததன்று என்பதற்குப் புதுச்சேரியிலேயே சாட்சி உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இம்மண்ணின் ஆட்சிமொழியாக இருந்த பிரெஞ்சில் ‘ஜே பேயே இயேர்’ என்பது முறையான வாக்கியம்: ‘ஹேவ்’ போன்ற துணைவினையும் நேற்று என்ற சொல்லும் ஒன்றாக நிற்கின்றன. தமிழும் பிரெஞ்சும் அனுமதிப்பதை ஆங்கிலம் அனுமதிக்கவில்லை என்றால், அதைப் பொருளிலிருந்து ஊகித்துவிட முடியாது. நல்ல ஆங்கிலத்தை எவ்வளவு கேட்டாலும் மாணவர் காதில் விழுவது சரியான வாக்கியங்களே. எது வரவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை. சொல்லப்படாத தடையை ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனத்துள் வளரும் இலக்கணம் எந்த விதிநூலையும்விடச் சிக்கலானது என்பது விளக்கத்துக்கு எதிராகப் பிரபு வைக்கும் வலுவான வாதம். அதை ஏற்கிறேன். ஆனால் முழுமையைச் சொல்ல முடியாது என்பதால் ஒரு மூலையையும் சொல்லக்கூடாது என்றாகாது. அவர் முன் இருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நம் முன் இருப்பவர்கள் வினைமுற்று, எச்சம், துணைவினை என்று தமிழ் இலக்கணத்தைப் பெயர் சொல்லிப் படித்துத் தேறியவர்கள். கையிலிருக்கும் அக்கருவியை ஆங்கில வகுப்பின் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்வது வீண்செலவு.

பணி முதலில், விளக்கம் பின்னர் என்ற வரிசையே என் பரிந்துரை. மாணவர் விண்ணப்பத்தை எழுதி முடிக்கட்டும். பிறகு பத்து நிமிடம், ‘கட்டினேன்’, ‘கட்டியிருக்கிறேன்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ‘நேற்று’ எதனோடெல்லாம் சேரும் என்று தமிழிலேயே கேட்கலாம். இரண்டோடும் சேரும் என்பார்கள். ஆங்கிலத்தில் ஒன்றோடு மட்டுமே சேரும் என்பது அப்போது விதியாக அல்லாமல் வியப்பாக வந்து விழும். பிறகு அவர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே திருத்தட்டும்.

தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் தேயும் என்ற அச்சத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. பிரபுவின் வகுப்புகளே தாய்மொழியைத் தடை செய்யவில்லை. இது பிழையே அன்று, இந்திய ஆங்கிலத்தின் வழக்கு என்பாரும் உண்டு. வேறுபாட்டை அறிந்து அவ்வழக்கைத் தேர்பவருக்கு அது வழக்கு. அறியாமல் எழுதி வேலைக்கான தேர்வில் மதிப்பெண் இழப்பவருக்கு அப்பெயர் ஆறுதல் ஆகாது.

இங்கே வாசிக்கப்பட்டது ஒரே ஒரு வாக்கிய அமைப்பு. எல்லா இலக்கணத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல நான் துணியவில்லை. கேட்டுக் கேட்டே படிபவை பல உண்டு. ஆனால் பெங்களூர்த் திட்டத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கல்லூரி வகுப்பிலிருந்து விளக்கத்தை வெளியேற்ற முடியாது. அத்திட்டம் அப்படியொரு சாட்சியம் சொல்லவே இல்லை.