எட்டு எழுத்தும் ஒரு கரண்டியும்

கம்மாபுரம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி முறையுள்ள பையன் ஒருவன் தன் போனை என் பக்கம் திருப்பினான். முந்திரி வியாபாரம் செய்கிறான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கொட்டை வாங்கி, வறுத்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து விற்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் கடை பெயரில் ஒரு பக்கம். மேலே பொங்கல் வாழ்த்து, அதற்குக் கீழே தீபாவளி வாழ்த்து, அதற்கும் கீழே சுதந்திர தின வாழ்த்து. நடுவில் எங்கோ ஒரு விலைப்பட்டியல்.

"சரக்கு நல்ல சரக்குண்ணே. பாக்கத்தான் ஆள் இல்ல."

அவனுக்கு அன்றைக்கு உருப்படியாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபின் இரண்டு பேரை அடுத்தடுத்து உட்காரவைத்துப் பார்த்தேன். ஒருவர் எஸ்.எஸ்.வாசன். இன்னொருவர் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துப் பெரியதம்பி தாத்தா. தொண்ணூறு வருட இடைவெளி. ஒருவர் கையில் அச்சு எழுத்து, மற்றவர் கையில் கரண்டி. ஆனால் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்தது இந்தப் பையனின் கேள்விதான்: முன்பின் தெரியாதவனை எப்படி நம் பக்கம் திரும்ப வைப்பது, திரும்பியவனை எப்படி மறுபடியும் வரவைப்பது?

வாசன் எழுத்தாளராகப் பத்திரிகைக்கு வந்தவர் இல்லை, வியாபாரியாக வந்தவர். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாரோடு சென்னைக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும், தபால் வழியாகச் சாமான் விற்பதும்தான் தொழில். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் நொடித்துப்போனபோது, 1928-ல் அதை வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய், ஆக மொத்தம் 200 ரூபாய் என்று பேசி முடித்ததாகச் சொல்வார்கள். கடன்பட்ட ஒரு பெயரைத் தவிர அந்த 200 ரூபாய்க்கு வேறெதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சின்ன வீரமங்கலத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. பெரியதம்பி சமையல் வேலை பார்த்தவர். பேரன்கள் வயல் வேலைக்குப் போனவர்கள். அந்த வேலையும் வருஷத்தில் பாதி நாள்தான். மீதி நாளில் என்ன செய்வது என்று யோசித்து 2018 ஏப்ரலில் யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021 ஜூலையில் சந்தாதாரர்கள் ஒரு கோடி. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அவர்கள்தான். அந்தச் சமயத்தில் கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு பாயில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்ட வீடியோவைப் பார்க்காதவர் குறைவு.

முதல் வித்தியாசம் ஆளைக் கூட்டிய விதத்தில் இருக்கிறது. வாசன் வாசகனைச் சும்மா படிக்க விடவில்லை, எதையாவது பூர்த்தி செய்து அனுப்பவைத்தார். குறுக்கெழுத்துப் போட்டியும் பரிசும் விகடனுக்குக் கொண்டுவந்த கூட்டம் அந்தக் காலத்துக்குப் பெரிது. தபால் வியாபாரத்தில் பழகிய மூளைக்குத்தான் இப்படித் தோன்றும். கூப்பனை வெட்டி அனுப்புகிறவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஊர் உண்டு, அடுத்த இதழை வாங்கிப் பார்த்தே ஆகவேண்டிய காரணமும் உண்டு. இன்றைக்கு "மூன்று பேரை டேக் செய்யுங்கள், பரிசு வெல்லுங்கள்" என்று போடுகிறவர்களுக்கு அவர்தான் பாட்டனார். சூதாட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான்.

ஆனால் பரிசுக்கு வந்தவன் பரிசோடு போய்விடுவான். தங்கவைத்தது வேறு ஆட்கள். எழுத்தாளர் கல்கியின் தொடர்கதை, 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய சங்கீத விமர்சனம், மாலியின் கோட்டுச் சித்திரம், பின்னால் தேவனின் துப்பறியும் சாம்பு. 1939-ல் கல்கியின் தியாகபூமி தொடர் வெளிவந்தபோது, படமாகிக்கொண்டிருந்த அதே கதையின் சினிமா ஸ்டில்களையே சித்திரமாகப் போட்டார்கள். கதை படித்தவன் கொட்டகைக்குப் போனான், படம் பார்த்தவன் பத்திரிகை வாங்கினான். ஒன்றை இரண்டு இடத்தில் விற்கும் வித்தையை இப்போது கூட்டம் போட்டு வகுப்பெடுக்கிறார்கள்.

சின்ன வீரமங்கலத்தில் பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. அவர்களுடைய வீடியோ ஒன்றை நிதானமாகப் பாருங்கள். வெட்டவெளி. பின்னால் பச்சை. அம்மியில் மசாலா அரைகிறது. ஒவ்வொரு சாமானும் அண்டாவில் விழும்போது அதன் பெயரை அடித்தொண்டையில் கத்துகிறார்கள். நடுவில் பின்னணி வியாக்கியானம் இல்லை, "நண்பர்களே" என்று இழுக்கும் முன்னுரையும் இல்லை. மொழி தெரியாத ஊர்க்காரனும் கடைசிவரை பார்க்கிறான், ஏனென்றால் எண்ணெய் காய்வதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். முடிவில் அந்தச் சோறு முதியோர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இலையில் விழுகிறது. நூறு பேருக்கான சமையல் நிஜமாகவே நூறு பேருக்குப் போய்ச் சேருவதைப் பார்த்தபிறகு அவர்கள் சொல்கிற மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

புதுசு புதுசாகப் போடு என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் முதல் உபதேசம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அது பாதிதான் சரி என்று படுகிறது. விகடன் வாசகன் புதுமைக்காக மட்டும் காத்திருக்கவில்லை. தெரிந்த கதாபாத்திரம் தெரிந்த கிழமையில் வரவேண்டும் என்று காத்திருந்தான். தாத்தாவின் சேனலில் ஒருநாள் மீன், ஒருநாள் ஆடு, ஒருநாள் அல்வா. ஆனால் வயல், அம்மி, சத்தம், பந்தி நான்கும் மாறுவதில்லை. மாறாத பாத்திரத்தில் மாறுகிற பண்டம். நம் பையன் செய்தது நேர்மாறு. பக்கத்தின் பெயரையும் படத்தையும் மூன்று முறை மாற்றியிருக்கிறான். உள்ளே இருந்ததோ மூன்று வருஷமாக அதே வாழ்த்து.

அடுத்தது, யார் நிலத்தில் கடை போட்டிருக்கிறோம் என்பது. எங்கள் பக்கத்தில் இதை விளக்கவேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் ஊருக்கு ஊர் உண்டு. சொந்தப் பட்டாவுக்கே அந்தக் கதி என்றால் குத்தகை நிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாசனிடம் சந்தாதாரர் முகவரி இருந்தது, ஊருக்கு ஊர் ஏஜெண்ட் இருந்தார். போர்க்காலத்தில் காகிதக் கட்டுப்பாடு வந்து பத்திரிகைகள் இளைத்தபோதும் முகவரி முகவரியாகவே இருந்தது. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நாம் குத்தகைக்காரர்கள். யாருக்கு நம்மைக் காட்டுவது என்பதை நிலத்துக்காரன் முடிவு செய்கிறான். 2020 ஜூன் 29-ந் தேதி 59 செயலிகளுக்குத் தடை வந்து டிக்டாக் போனபோது, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவருடைய போன் நம்பர்கூடத் தெரியாது.

இதில் வாசனுக்கு முழு மார்க் போடவும் மனம் வரவில்லை. கல்கி விகடனை விட்டு வெளியேறி 1941 ஆகஸ்டில் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கியபோது வாசகர்களில் பலர் அவர் பின்னால் போனார்கள். முகவரிப் புத்தகம் வாசனுடையது, ஆனால் குரல் கல்கியுடையது. விகடன் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அங்கே வேறு குரல்களும் வளர்ந்திருந்தன என்பதுதான். சின்ன வீரமங்கலத்தில் குரலும் அவர்களுடையதே, யாரும் கூட்டிக்கொண்டு போகமுடியாது. நிலம்தான் இரவல். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று கேட்டால், நான் இரவல் நிலம் என்றே சொல்வேன். ஆளை வளர்த்துக்கொள்ளலாம், கூகுளோடு யார் போய் வழக்காடுவது?

மறுபடி போனபோது பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "உங்கிட்ட வாங்குறவங்க அடிக்கடி என்னடா கேக்குறாங்க?"

"அதுவா... 240-க்கும் 320-க்கும் என்ன வித்தியாசம், ஏன் விலை இவ்ளோ ஏறுதுன்னு கேப்பாங்கண்ணே."

அவனுக்கு அது சலிப்பு. கேட்டுக்கொண்டிருந்த எனக்கோ அதுதான் சரக்கு. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 முழுப் பருப்பு. 320 என்றால் 300 முதல் 320 வரை. எண் கூடக்கூடப் பருப்பு சின்னது. கல்யாணத்துக்கு வாங்குகிறவர் பாதிப்பேருக்கு இது தெரியாது. உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக் காட்டினால் முப்பது விநாடி வீடியோ. பாயசத்துக்கு உடைந்த பருப்பே போதும், முழுசுக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று வியாபாரியே சொன்னால் இன்னொன்று. மார்கழி, தையில் பூ, பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கல், மழைக்காலத்தில் காயவைக்கும் பாடு என்று வருஷம் முழுக்கக் காட்டுவதற்கு ஏதாவது நடக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் சாய்ந்த தோப்பு இன்று எப்படி இருக்கிறது என்று நடந்துபோய்க் காட்டினாலே ஒரு வாரத்துக்கு ஓடும். சரக்கைப் புகழாமல் வாங்குகிறவனுக்கு வேண்டியதைச் சொல்வது புது வித்தையும் இல்லை. பிரெஞ்சுக்காரன் மிஷலின் டயர் விற்பதற்காக 1900-லேயே வண்டிக்காரர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் அச்சடித்துச் சும்மா கொடுத்தான். அதில் டயரை விட, வழியில் எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதே அதிகம்.

வாங்கியவர்களின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று போடு, வேறு எந்தக் கிழமையும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

முதல் வீடியோவுக்கு அவனுடைய அம்மாவைத்தான் பிடித்தான். கொட்டகையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கொட்டைப் பால் சுட்டுவிடாமல் இருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு முழுப் பருப்பு பிசிறில்லாமல் வெளியே வந்தது.

"மூஞ்சிய எடுக்காதடா, தலகூட சீவல" என்றார்.

"மூஞ்சி வேணாம்மா. கைய மட்டும் காட்டு."