ஊர்ச் சாசனங்களும் குடிவரலாறும்

தத்தம் முன்னோர் வரலாற்றை அறிய விழைவார் பலர். அவருட் பெரும்பாலார், ஓர் அரசனையோ முனிவனையோ தம் குடிக்கு முதல்வனாக்கும் செவிவழிக் கதையோடு அமைந்துவிடுகின்றனர். அக்கதையை இகழ்தல் வேண்டா. ஆயினும், அதனை உரைத்துப் பார்த்தற்குரிய கல் அவ்வவ்வூரிலேயே உண்டென்பதை உணர்தல் வேண்டும்.

முதலாவது, வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் ஓலையும் கிரயச் சாசனமும். நிலத்தின் அளவை மட்டும் நோக்குவார் அவற்றின் நான்கெல்லையைப் படியாது விடுவர். எல்லைக்குரிய அயலார் பெயரும், சாட்சியிட்டார் பெயரும், இன்னார் குமாரர் இன்னார் என்னுங் குறிப்பும் ஒரு தெருவின் வரலாற்றையே தருவன. அடுத்து, அரசாங்கப் பதிவேடுகள். சென்னை மாகாணத்தில் 1858-இல் ஏற்பட்ட இனாம் ஆணையத்தார் எழுதுவித்த ஏடுகள், மானியம் யாருக்கு எதன்பொருட்டு அளிக்கப்பெற்றதென்பதைத் தெரிவிக்கும்.

இவற்றினும் தொன்மையன கோயிற் கல்வெட்டுக்கள். 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிற் பொறிப்பித்த சாசனம் ஒன்றைக் காண்க. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் அதிற் குறிக்கப்பெற்றுள்ளனர். ஒவ்வொருவர்க்கும் பெயர், முன்னிருந்த கோயில், குடியேறிய தெருவின் சிறகு, வீட்டின் எண் ஆகிய யாவும் உள. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நெல் 100 கலம். வமிசாவளிகள் பெரும்பாலும் ஆடவர் பெயரையே கூறி அமையும். இக்கல்லோ மகளிரைப் பெயர்சுட்டிப் போற்றுகின்றது. ஒரே பெயருடையார் பலர் இதில் உளராதலின், ஊரும் வீடும் கொண்டே ஒருவரைப் பிரித்தறிதல் கூடும். பெயரொற்றுமை ஒன்றையே பற்றி உறவு கூறுவார் இதனைக் கருதுவாராக.

அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் நியமிக்கப்பெற்றனர். ஒருவர்க்கு நாடோறும் நெல் முக்குறுணி. ஒருவர் இறப்பின் அவர்க்கு அடுத்த உறவினர் அப்பணியைப் பெறுதல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியிலராயின் தகுதியுடையாரை அமர்த்துதல் வேண்டும் என்பது ஏற்பாடு. குடிப்பிறப்பு உரிமை தரும். தகுதியைத் தானே ஈட்டிக்கொள்ளல் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து! குடிவரலாறு தேடுவார் அடையத்தக்க பயனும் இதுவே. செருக்கிற்கு அன்று, கடமை அறிதற்கே முன்னோரைத் தேடுதல்.

தேடும் முறையும் ஒன்றுண்டு. பழைய கல்லிலிருந்து நம்மை நோக்கி வருதல் தவறு. பாட்டனாரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாகச் செல்லுதலே முறை. இடையிற் கண்ணி அறுந்துழி நின்றுவிடுதல் நேர்மை.

இச்சான்றுகள் அழிந்துவருதல் வருந்தத்தக்கது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகளை ஓமத்தீயில் இட்டதை உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். திருப்பணியென்று கற்சுவரிற் சுண்ணம் பூசுதலும், மணல் வீசித் தேய்த்தலும் எழுத்தை மறைக்கும், சிதைக்கும். ஆதலின், திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுக்களைப் படியெடுப்பித்தலையும், வீட்டு ஓலைகளை அறிந்தார்பாற் காட்டிப் படிப்பித்தலையும் அன்பர்கள் தம் கடனாகக் கொள்வாராக.