டேங்க் கிளீனர் வந்த வழி

மீன்தொட்டிக் கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டு பாசி திங்குற கறுப்பு மீன் இருக்குல்லா, கடையில 'டேங்க் கிளீனர்', 'சக்கர்'னு விக்குறது, அதோட ஊர் தென் அமெரிக்கா. இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். உடம்பெல்லாம் கவசம் மாதிரி தட்டு. மனுஷன் அதை ஸ்டர்ஜன் கூட்டத்துல சேர்த்துட்டாரு!

தொட்டியில குஞ்சு பொரிக்குமாங்குறதுதான் எனக்கு அதிகம் வர்ற கேள்வி. மூக்கில் மீசை முளைக்கும் பிரிஸில்நோஸ் பொரிக்கும். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வச்சா போதும், ஆண் உள்ளே புகுந்து முட்டைக்குக் காவல் இருக்கும். பெரிய சக்கர் அப்படியல்ல. விரல் நீளத்தில் வாங்குவோம், ஒன்றரை அடியைத் தொடும். மண்கரையில் ஆழமாக வளை தோண்டித்தான் முட்டையிடும். பண்ணைக்காரர்கள் அதை மண்குளத்தில் விடுவது இதற்காகத்தான்.

பெருசாயிட்டுன்னு யாராவது வாய்க்காலில் விட்டால்? திருவனந்தபுரத்து வடிகால்களில் இந்த மீன் நிலைகொண்டுவிட்டதை 2015-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1956 வரை நம்ம நாஞ்சில் நாட்டுக்கும் அந்தப் பக்கத்து ஆட்சிதான். இப்பவும் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர்தான். இங்கே திரும்பின பக்கமெல்லாம் மண்கரை போட்ட குளம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கண்ணாடிப் பெட்டியில் சக்கருக்குக் கிடைக்காத அந்தக் கரை, நம்ம ஊர்ல இலவசம்.

வாங்குறதுக்கு முன்னாடி முதுகுத் துடுப்பில் கதிர்களை எண்ணுங்க. பத்துக்கு மேல இருந்தா அது பிரிஸில்நோஸ் இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும்.