அச்சகத்தோடு போன நூல்கள்

கொட்டாஞ்சேனையின் பழைய சிறு அச்சகங்களைப் பற்றி எழுதுவதற்காக, அவற்றில் ஒன்று அச்சிட்ட 31ஆம் நாள் நினைவு நூலான கல்வெட்டொன்றைத் தேடி வெள்ளவத்தையில் ஒரு சிறிய நூலகத்துக்குப் போயிருந்தேன். கல்வெட்டுகளை வெறும் துக்க வெளியீடு என்று ஒதுக்குவோர் பலர். இறந்தவரின் வம்சம், பிறந்த ஊர், கொழும்பில் செய்த தொழில், பெண் கொண்ட இடம், பெண் கொடுத்த இடம் என்று வேறெங்கும் எழுதப்படாத பலதும் அவற்றில்தான் கிடக்கின்றன.

நூல் இராக்கையில் இருந்தது. கணினிப் பட்டியலில் இல்லை. அச்சகத்தின் பெயரைத் தட்டினேன். அச்சொட்டாக அந்தப் பெயரில் அச்சகமே இல்லை என்றது. ஒரு நூலைச் சேர்க்க மறந்திருக்கலாம், ஓர் அச்சகம் முழுவதையும் எப்படி மறப்பார்கள்?

பட்டியலின் தொடரெண்களைப் பார்த்தபோது அங்குமிங்குமாய் இடைவெளிகள் தெரிந்தன. இடைவெளி மட்டும் சான்றாகாது. பதிவைச் சேர்க்கையில் பிழை வந்து நின்றுபோனாலும் ஓர் எண் வீணாகும். ஆகவே கையால் எழுதிய நூல் வரவுப் பதிவேட்டை எடுத்து எண்ணுக்கு எண் ஒப்பிட்டேன். விடுபட்டவற்றுள் பெரும்பாலானவை அந்த ஒரே அச்சகத்தின் வெளியீடுகள்: கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், கல்வெட்டு.

நூலகத்துக்குப் பொறுப்பான அக்காவிடம் கேட்டேன். "தம்பி, அந்த அச்சகத்தின்ர பேர் ரெண்டு தரம் கிடந்தது. ஒண்டில 'கொழும்பு 13' எண்டு சேர்த்திருந்தது. மற்றதை எடுத்துவிட்டனான். புத்தகத்தில நான் கை வைக்கேல்லை" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. நூல் அட்டவணையில் எந்த நிரை அழிந்தாலும் அதன் நகலை வேறோர் அட்டவணையில் எழுதிவைக்கும் டிரிகர் ஒன்றை முன்பே யாரோ அமைத்திருந்தார்கள். அந்த அட்டவணை வெறுமையாக இருந்தது. நூலகத்தின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8 இயல்பாக 30 நாள் வைத்திருக்கும் மாற்றப் பதிவு, அந்தக் கெடு முடிய முன்னர் கைக்குக் கிடைத்தது. அதிலும் அச்சக அட்டவணையில் ஒரே ஒரு நிரை அழிந்ததாகத்தான் இருந்தது. சாட்சிகள் எல்லாம் ஒரே வாய்மொழி: நூல் எதுவும் அழிக்கப்படவில்லை.

செய்நிரலைத் திறந்தேன். 'நீக்கு' பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரிதான்: இந்த எண்ணுள்ள அச்சகத்தை அழி. நிபந்தனையும் சரியாகவே இருந்தது. கோளாறு அந்த வரியில் இல்லை. நூல் அட்டவணையை உருவாக்கியபோதே, அச்சகத்தோடு அதைப் பிணைக்கும் அந்நியச் சாவியில் 'ஆன் டிலீட் காஸ்கேட்' என்று எழுதியிருந்தார்கள். அச்சகம் போனால் அதன் நூல்களும் கூடவே போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். அதைவிடக் கொடுமை, இப்படித் தொடராக அழியும்போது அந்தப் பதிப்பில் டிரிகர் இயங்காது. மாற்றப் பதிவிலும் அந்த நிரைகள் ஏறா. அழிவைப் பதிய வைத்திருந்த இரண்டு கண்களுக்கும் படாத வழியால் நூல்கள் வெளியேறியிருக்கின்றன.

வரவுப் பதிவேட்டில் ஒரு நூலை நீக்கினால் சிவப்பு மையால் கோடிட்டு, திகதி போட்டு, கையொப்பமும் வைப்பார்கள். கோட்டின் கீழே பெயர் இன்னும் வாசிக்கக் கிடக்கும். செய்நிரல் எழுதுபவர் முன்கூட்டியே நினைத்து அமைத்தாலன்றி தரவுத்தளத்தில் அந்தக் கோடு விழாது. ஆவணங்களை நம்பி வாழும் எனக்கு இது பொறுக்கவில்லை.

அரச மட்டத்தில் இதன் விலை இன்னும் பெரியது. 2021 யூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் இலங்கை அரச மேகக்கணினியிலிருந்து அழிந்துபோயின. மருந்துப் பதிவுகளைக் காக்கும் சபை அது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் கைதானார். 2023 ஆகஸ்டில் அதே மேகக்கணினி பணயத் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் தாக்குண்டது. இணைப்பில்லாத பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் அது இருந்தது. அக்கா மாதம் ஒருமுறை முழுத் தரவையும் ஒரு வன்தட்டில் எடுத்து, கழற்றி, அலுமாரியில் பூட்டி வைப்பவர். அதிலிருந்து அச்சகத்தையும் நூல்களையும் மீட்டோம். இப்போது 'காஸ்கேட்' இருந்த இடத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்' இருக்கிறது: ஒரு நூலாவது சார்ந்திருந்தால் அச்சகத்தை அழிக்க விடாது. இரட்டைப் பெயர் வந்தால் நூல்களைச் சரியான அச்சகத்துக்கு மாற்றிய பின்னரே மற்றதை எடுக்கலாம். இரண்டும் ஒரே பரிவர்த்தனையாக முடியும், இடையில் தடைப்பட்டால் எதுவும் மாறாது. நூல் அட்டவணையில் 'நீக்கிய திகதி', 'நீக்கியவர்' என்று இரண்டு நிரல்களைச் சேர்த்தோம். வன்தட்டில் எடுத்த பிறகு வந்த நூல்களை மட்டும் வரவுப் பதிவேட்டைப் பார்த்து அக்கா மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.